லைன்ல தான் இருக்கேன்

மாதம் பிறந்தால் போதும், நெட் அக்காவைக் கண்டதும் அந்தத் தெருவில் எல்லோருக்கும் திடீரென்று வேலை முளைத்துவிடும். மருந்துக்கடைக்காரர் குனிந்து இல்லாத பெட்டியைத் தேடுவார். மாடிவீட்டுக்காரர் காயாத துணியை அவசர அவசரமாக அள்ளிக்கொண்டு உள்ளே போவார். எதிரே வந்து வசமாக மாட்டிக்கொண்டவர்களோ, அவள் வாயைத் திறக்கும் முன்பே, "நாளைக்குக் கட்டிடறேன்க்கா" என்பார்கள். பாவம், அவள் தக்காளி வாங்கத்தான் போய்க்கொண்டிருப்பாள்.

அது ஒரு சின்ன இன்டர்நெட் கம்பெனி. கம்பெனி என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான். வீட்டின் முன்னறையில் இரண்டு மேஜை, விளக்குகள் மினுக்கும் ஓர் இரும்பு அலமாரி, அது சூடாகாமல் இருக்க ஓயாமல் ஓடும் ஒரு மின்விசிறி, அவ்வளவுதான். அவள் கணவர் ஏணியும் ஒயர்ச் சுருளுமாக மொட்டைமாடிகளிலேயே குடியிருந்தார். மாதத்துக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். அதனால் நானூறு சொச்சம் வீடுகளுக்குப் போன் போட்டுப் பணம் கேட்கிற பாக்கியம் மனைவிக்கு வாய்த்தது. "நல்லா இருக்கீங்களா?" என்றுதான் ஆரம்பிப்பாள். எதிராளி பதிலைப் பாதி சொல்வதற்குள் தன் இடுப்பு வலி, கணவரின் ஏணி, ஒழுகும் குழாய் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்து, பணத்தையும் கேட்டு, போனையும் வைத்திருப்பாள். பள்ளிக்கூடத்திலேயே அவளுக்கு ரேடியோ என்று பேர். அந்தப் பேரை வைத்தவள் பன்னு.

பன்னு என்பது அவளுடைய உப்பிய கன்னத்துக்காக இவள் பதிலுக்கு வைத்த பேர். பிற்பாடு அவள் பேக்கரியே வைத்துவிட்டாள் என்பது தனிக்கதை. இரண்டு தெரு தள்ளித்தான் கடை. நகமும் சதையுமாக இருந்த இரண்டு பேருக்கும் மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

நடந்தது இதுதான். பன்னு படியில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். செய்தி கேட்டதும் இவள் போட்டது போட்டபடி ஒரு பை நிறையப் பழத்தோடு ஓடினாள். கெட்ட நேரம், அது மாதத்தின் முதல் வாரம். கட்டிலில் கட்டுப்போட்ட காலை நீட்டிப் படுத்திருந்த பன்னு, இவளைப் பார்த்ததும் தலையணைக்கு அடியில் கையை விட்டுப் பணத்தை எடுத்து நீட்டினாள். "வேண்டாம்டி, நான் உன்னைப் பார்க்க வந்தேன்" என்று சொல்லியிருக்கலாம். எந்தப் பெண்ணும் அதைத்தான் சொல்லியிருப்பாள். இவள் என்ன செய்தாள்? பழப்பையைக் கீழே வைத்தாள், பணத்தை வாங்கினாள், எச்சில் தொட்டு எண்ணினாள், "இருநூறு குறையுதே" என்றாள்.

சத்தியமாக அவள் சொல்லவில்லை. பல வருடப் பழக்கம் சொன்னது. சொன்ன வாயை அடைக்க முடியுமா? பன்னு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதற்கு அடுத்த மாதத்திலிருந்து பன்னுவின் பணம் ஒன்றாம் தேதி காலையிலேயே பேங்க் வழியாகத் தானாக வந்து விழுந்தது. ஒரு போன்கூட வந்துவிடக் கூடாது என்பதற்காகவே வந்து விழுகிற பணம் அது. ஊரில் மற்றவர்கள் பணம் கட்டாமல் இவளை நோகடித்தார்கள் என்றால், பன்னு கட்டியே நோகடித்தாள். இவளும் ரொட்டி வாங்க அந்தக் கடையைத் தாண்டி, பெரிய சாலையைத் தாண்டி, செங்கல் மாதிரி ரொட்டி விற்கும் இன்னொரு கடைக்குப் போகத் தொடங்கினாள்.

இந்த நிலையில்தான் நாத்தனார் வந்து சேர்ந்தாள். கணவரின் தங்கை. வெளியூரில் சாஃப்ட்வேர் வேலை. ஒரு வேலையை விட்டு அடுத்ததில் சேர்வதற்கு நடுவே கொஞ்ச நாள் அண்ணன் வீட்டில் ஓய்வெடுக்க வந்தவள், அண்ணி போனும் கையுமாகத் தொண்டை கட்டிப்போய் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"என்ன அண்ணி இது, இந்தக் காலத்துல ஒவ்வொருத்தரா கூப்பிட்டுக்கிட்டு! ஒண்ணாந்தேதி பில் தானா போகும். கட்ட வேண்டிய லிங்க் அதுலயே இருக்கும். கட்டாதவங்களுக்கு அஞ்சாந்தேதி மெஷினே போன் பண்ணும். நீங்க கால் மேல கால் போட்டு உட்காருங்க."

"மெஷின் கேக்கும். நான் கேக்க வேண்டாம்?"

"நீங்க எதுக்குக் கேக்கணும்?"

நெட் அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நாத்தனார் நினைத்தது மாதிரி தொண்டைக்கு ஓய்வு கிடைத்த சந்தோஷம் இல்லை அது. பணம் கேட்கிற வேலை தன் கையில் இருக்கிற வரைக்கும் தன் மூஞ்சியே ஒரு பில்தான் என்று அவளுக்குத் தெரியும். அந்த வேலை மட்டும் தொலையட்டும், அஞ்சாந்தேதி, அதே முதல் வாரத்தில், கையை வீசிக்கொண்டு பன்னுவின் கடைக்குள் நுழைந்து, "பாருடி, இப்போ நான் பில் கேக்கற ஆள் இல்ல, வெறும் மனுஷி" என்று சொல்லிவிட வேண்டும். பன்னு ஒரு வார்த்தை திருப்பிப் பேசிவிட்டால் போதும். மிச்சத்தை ரேடியோ பார்த்துக்கொள்ளும்.

வேலை மளமளவென்று நடந்தது. நாத்தனார் கேள்வியாகக் கேட்டாள், இவள் பதிலாகச் சொன்னாள். யார் எந்த வேகம், யாருக்குத் தள்ளுபடி, யார் மாமியார் வீட்டுக்கும் சேர்த்துக் கட்டுவது, எல்லாம் விரல் நுனியில். ஒரே ஒரு கேள்வியில் மட்டும் மாட்டிக்கொண்டாள்.

"இந்த லிங்க் இல்லாம, பழைய பேங்க் கணக்குல நேரா யாராவது போடறாங்களா அண்ணி? அதை மெஷின் பார்க்காது. கட்டினவங்களைக் கட்டாதவங்கன்னு நினைச்சுக்கும்."

இவள் மின்விசிறியைப் பார்த்தாள். பன்னுவின் பேரைச் சொன்னால் காலைச் சொல்ல வேண்டும், காலைச் சொன்னால் இருநூறைச் சொல்ல வேண்டும். நாத்தனாரிடம் போய் யார் அதையெல்லாம் சொல்வது?

"யாரும் இல்ல" என்றாள்.

அடுத்தது குரல். நாத்தனார் முதலில் கம்ப்யூட்டரிலேயே இருந்த ஏதோ ஒரு ரெடிமேட் குரலைப் போட்டுச் சோதித்துப் பார்த்தாள். தேன் ஒழுகும் குரல், ஆனால் யாருடையது என்று தெரியாத குரல். பத்துப் பேரைக் கூப்பிட்டதில் ஒன்பது பேர் பட்டென்று வைத்துவிட்டார்கள். பத்தாவது ஆளான முடிதிருத்துபவர் நேரே வீட்டுக்கே வந்து, "அக்கா, உங்க பேரைச் சொல்லி எவளோ ஏமாத்தறா, ஜாக்கிரதை" என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

"அப்போ உங்க குரல்தான் அண்ணி" என்றாள் நாத்தனார்.

துணி அலமாரியைத் திறந்து, கம்பளிகளுக்கு நடுவே அண்ணியின் தலையைத் திணித்து, கையில் மைக்கைக் கொடுத்தாள். எதிரொலி வராதாம். எழுதிக் கொடுத்தது இரண்டே வரி. அட, நம் ஆள் இரண்டு வரியோடு நிற்கிறவளா?

"எடுத்த எடுப்புல காசைக் கேட்டா நல்லாவா இருக்கும்? நல்லா இருக்கீங்களான்னு கேக்க வேண்டாமா?"

"சரி, கேளுங்க."

"கேட்டா அவங்க பதில் சொல்வாங்கல்ல? அதுக்கு இடம் விடு."

"மெஷினுக்குக் காது கிடையாது அண்ணி. அவங்க சொல்றது எதுவும் கேக்காது, எங்கயும் பதிவாகவும் ஆகாது."

"கேக்கலன்னா என்ன, மரியாதைக்கு ஒரு 'ம்' போடக் கூடாதா?"

நாத்தனார் சிரித்துச் சிரித்து அலமாரிக் கதவில் சாய்ந்துவிட்டாள். கடைசியில் பதிவானது இப்படி: "வணக்கம், நான் நெட் அக்கா பேசறேன். நல்லா இருக்கீங்களா?" கொஞ்சம் இடைவெளி. "ம்... சரி சரி." இன்னும் கொஞ்சம் இடைவெளி. "இந்த மாசத்துப் பணம் இன்னும் வரல. மெசேஜ்ல இருக்கற லிங்கைத் தொட்டா கட்டிடலாம். புரிஞ்சுதுன்னா ஒண்ண அமுக்குங்க." வயதானவர்கள் கண்ணாடியைத் தேடி மாட்டி, பட்டனைக் கண்டுபிடித்து அமுக்குவதற்குள் போன் செத்துவிட்டது என்று வைத்துவிடுவார்களே என்று, அதற்கும் ஒரு வரி சேர்த்தாள். யாரும் எதுவும் அமுக்காத வரையில் அது விட்டு விட்டு ஒலிக்கும்: "ம்... லைன்ல தான் இருக்கேன்."

அஞ்சாந்தேதி காலை நாத்தனார் ஒரு தட்டுத் தட்டினாள். நூற்றுச் சொச்சம் வீடுகளில் ஒரே நேரத்தில் நெட் அக்கா பேசினாள். திரையில் சிவப்பாக இருந்த பேர்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாக மாறின. அன்றைக்கென்று வேலை இல்லாமல் கீழே இருந்த கணவர் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "பரவாயில்லையே" என்றார். மாதத்து நாலு வார்த்தையில் ஒன்று அப்போதே செலவாகிவிட்டது.

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாயங்காலம் பேக்கரிக்குப் போவது என்று முடிவு செய்து, அதுவரை தைரியம் சேர்க்கலாம் என்று மதியத்துக்கு மேல் தெருவில் இறங்கினாள். மருந்துக்கடைக்காரர் குனியவில்லை. நிமிர்ந்து நின்று கை காட்டிக் கூப்பிட்டார்.

"அக்கா, ரொம்ப சந்தோஷம்க்கா. என் முட்டி வலியை ஆரம்பத்துலேர்ந்து சொன்னேன், நடுவுல வெட்டாம கேட்டீங்களே. இத்தனை வருஷத்துல இதான் முதல் தடவை."

இவளுக்கு முகத்தில் அசடு வழிந்தது. நாலு எட்டு நடப்பதற்குள் முடிதிருத்துபவர் பிடித்துக்கொண்டார். அவர் முகம் சரியில்லை. "அம்மாவை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்குன்னு சொல்றேன், நீங்க பாட்டுக்கு 'சரி சரி'ன்னுட்டு பணத்தைக் கேக்கறீங்க. நல்லாவாக்கா இருக்கு?"

அய்யய்யோ என்று ஆகிவிட்டது அவளுக்கு. அது மெஷின் என்று விளக்கி, அம்மாவைப் பற்றி விசாரித்து, பணத்துக்கு ஒன்றும் அவசரம் இல்லை என்று அவர் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. திரும்பியதும் நாத்தனாரிடம் முதல் வேலையாக அந்த 'சரி சரி'யைத் தூக்கச் சொன்னாள். நாத்தனார் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒருத்தர் மட்டும் விசித்திரமா இருக்காங்க அண்ணி. ஒண்ண அமுக்காதவங்களுக்கு மெஷின் மதியம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை திரும்பக் கூப்பிடும். இவங்க மூணு தடவையும் எடுத்திருக்காங்க, ஒண்ணும் அமுக்கல. பணமும் கட்டல. மூணாவது தடவை அரை மணி நேரம் லைன்ல இருந்திருக்காங்க. யாரு இது?"

அது பன்னுவின் எண். அந்த எண்ணைப் பார்க்கவே வேண்டாம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஊரிலேயே முதல் ஆளாகப் பணம் கட்டியவளிடம், மூன்று வருடம் கழித்து, தன் சொந்தக் குரலில், ஒரு தடவை இல்லை மூன்று தடவை, பணம் வரவில்லை என்று கேட்டாகிவிட்டது.

"அரை மணி நேரம் என்ன பேசினா?"

"அதான் சொன்னேனே அண்ணி, நம்ம மெஷின் பேசும், கேக்காது. என்ன சொன்னாங்கன்னு யாருக்குமே தெரியாது."

செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டது பாதி வழியில்தான் அவளுக்குத் தெரிந்தது. வழி நெடுக மன்னிப்பை ஒத்திகை பார்த்தாள். மெஷின், லிங்க், பழைய கணக்கு என்று ஆரம்பித்து அது எங்கெங்கோ போயிற்று. இனி அவள் முகத்தில் விழிக்கவே முடியாதோ என்று பயந்துகொண்டே நடந்தாள். பேக்கரிக் கதவைத் தள்ளியபோது அடுப்புச் சூடும் வெந்த மாவின் வாசனையும் முகத்தில் வந்து மோதின. கடையில் ஆள் இல்லை. பன்னு காலித் தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். உடைந்த கால் இன்னும் லேசாக இழுத்தது.

"பன்னு, அது நான் இல்லடி, மெஷின், என் நாத்தனார் கேட்டா, நான்தான் யாரும் இல்லன்னு..."

பன்னு மாவு படிந்த கையைத் தூக்கிக் காட்டினாள். ரேடியோ நின்றது.

"தெரியும்" என்றாள் பன்னு. "முதல் தடவை தெரியல. காலைல, கட்டின காசைக் கட்டலன்னு சொல்றியான்னு கத்திட்டு வெச்சிட்டேன். மதியம் மறுபடி வந்து, அதே மாதிரி, நல்லா இருக்கீங்களாங்கற. மூணு வருஷத்துல நான் உனக்கு 'நீங்க' ஆயிட்டேனான்னு வாய்க்கு வந்தபடி திட்டினேன். நீ 'சரி சரி'ங்கற. அப்பதான் பொறி தட்டுச்சு. நீயாவது, நான் சொன்னதுக்கு சரின்னு சொல்றதாவது!"

"அப்புறம் எதுக்கு மூணாவது தடவை எடுத்தே?"

பன்னு கடைசித் தட்டை அடுக்கி, கையை இடுப்பில் கட்டிய துணியில் துடைத்தாள்.

"உன் குரல்ல ஒரு ஆள் வாயை மூடிக்கிட்டு கேக்குதே, இந்தச் சந்தர்ப்பம் திரும்ப வருமா? ஸ்டூலைப் போட்டு அடுப்புக்கிட்ட உட்கார்ந்து எல்லாத்தையும் சொன்னேன். நான் நிறுத்தினப்பல்லாம் 'லைன்ல தான் இருக்கேன்', 'லைன்ல தான் இருக்கேன்'ங்குது. அழுதுட்டேன்டி."

"என்ன சொன்னே?"

"சொல்றேன். ஆனா அந்த மெஷின் மாதிரி உட்காரணும். நடுவுல வாயைத் திறந்தே, அவ்வளவுதான்."

மாவு மூட்டை ஒன்று சுவரோரம் இருந்தது. நெட் அக்கா அதன் மேல் உட்கார்ந்து உதட்டை இறுக மூடிக்கொண்டாள்.

"அன்னிக்கு நீ வந்ததும் நான் ஏன் காசை நீட்டினேன் தெரியுமா? உன்னைக் குத்திக்காட்டன்னு நினைச்சிருப்பே."

ஆமாம், அப்படித்தான் நினைத்திருந்தாள். சொல்ல வாய் துடித்தது. "ம்" என்றாள்.

"முதல் வாரம். நீ பாவம், அலைஞ்சிட்டு வர்றே. காசு வாங்காம போனா வீட்டுல கணக்கு இடிக்கும், கேக்கறதுக்கு உனக்கும் கூச்சமா இருக்கும். அதைக் குடுத்து ஒழிச்சிட்டா, அப்புறம் நீ என் கட்டில்ல உட்கார்ந்து எப்பவும் போல பேசுவேன்னு நினைச்சேன். வலியில கிடந்தேன்டி. அன்னிக்கு எனக்கு ரேடியோ கேக்கணும் போல இருந்துச்சு. நீ எண்ணினே."

அவள் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. மன்னிச்சிடுடி என்று கதற வேண்டும் போல இருந்தது. கதறினால் அதுவும் பேச்சாகிவிடும். மூட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பன்னு அதற்குப் பிறகும் சொல்லிக்கொண்டே போனாள். காலில் கட்டோடு தனியாகக் கழித்த அந்த நாட்கள், கடையைத் திரும்பத் திறந்த அன்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது, தெருக்கோடியில் இவள் தலை தெரிந்து அப்படியே திரும்பிப் போனது, பெரிய சாலைக் கடையின் ரொட்டிப் பையோடு இவள் கடந்துபோன நாள்களில் வந்த ஆத்திரம். எல்லாம் வந்தது. இவள் 'ம்' போட்டாள், தலையை ஆட்டினாள், மூக்கைத் துடைத்தாள். பிறந்ததிலிருந்து இவ்வளவு நேரம் அவள் வாய் சும்மா இருந்ததில்லை.

பன்னு நிறுத்தினாள். முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ துடைத்தவள், திரும்பாமலே கேட்டாள்.

"இருக்கியா?"

"லைன்ல தான் இருக்கேன்" என்றாள் நெட் அக்கா, அழுகையினூடே.

பன்னுவின் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று இவள் பதறி எழுந்து போய்ப் பார்த்தால், சிரிக்கிறாள். இவளுக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, மாவும் கண்ணீருமாக, கன்னம் வலிக்கச் சிரித்தார்கள்.

"உண்மையைச் சொல்லு, அன்னிக்கு நிஜமாவே இருநூறு குறைஞ்சுதா?"

"குறைஞ்சுதுடி. சத்தியமா."

அதற்கும் சிரித்தார்கள். அன்று அவள் வீட்டுக்கு நல்ல ரொட்டி வந்தது. கணவர் ஒரு துண்டைத் தின்றுவிட்டு, "பன்னு கடையா?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டார்.

நாத்தனார் 'சரி சரி'யை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, மற்றதை அப்படியே விட்டுவிட்டு ஊருக்குப் போனாள். அடுத்த மாதம் அஞ்சாந்தேதி அங்கிருந்தே போன் செய்தாள்.

"எல்லாம் அருமையா போயிட்டிருக்கு அண்ணி. அந்த ஒரு நம்பர் மட்டும் சிவப்பா இருக்கு. பழைய கணக்குலயும் தேடிட்டேன், பணம் வரல. பேங்க்லேர்ந்து தானா வந்துட்டிருந்ததை நிறுத்திட்டாங்க போல. மெஷின் கூப்பிடட்டுமா?"

"வேண்டாம்மா. அதுக்கு நான் போறேன்."

சாயங்காலம் மாவு மூட்டை மேல் உட்கார்ந்து அவள் பேசினாள், பன்னு பேசினாள், நடுநடுவே இவள் வெட்டினாள், பன்னு திட்டினாள். பணத்தைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. கிளம்பி வாசல் வரை வந்த பிறகுதான் பன்னு கல்லாவிலிருந்து எடுத்துக் கையில் திணித்தாள். இவள் எண்ணவில்லை. எண்ணாததைப் பன்னு பார்க்கும்படியாகப் பைக்குள் போட்டுக்கொண்டு, தலையை நிமிர்த்தி நடந்தாள்.

தெரு முனை திரும்பும் வரை தாக்குப்பிடித்தாள். அதற்கு மேல் கை கேட்கவில்லை. சுவரோரம் ஒதுங்கி நின்று, எச்சில் தொட்டு எண்ணினாள். இன்னொரு தடவை எண்ணினாள்.

இருநூறு குறைந்தது.

ஓட்டமும் நடையுமாகத் திரும்பிப் போனாள். பேக்கரியின் கதவு விரியத் திறந்திருந்தது. மேஜை மேல் இரண்டு கோப்பை காபி ஆவி பறக்க இருந்தது, பக்கத்தில் இன்னொரு ஸ்டூல் போட்டிருந்தது. பன்னு கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டு வாசலையே பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"வருவேன்னு தெரியும்" என்றாள். "உட்காரு."